வேப்பெண்ணெய் தெளித்தும் ஈ, கொசு போகவில்லையா?

கேள்வி: வீட்டை ஒட்டியே மாட்டுக்கொட்டில். இரண்டு கறவை மாடு, ஒரு கன்று இருக்கின்றன. சாயங்காலமானால் ஈயும் கொசுவும் தாங்க முடியவில்லை. சின்னக் குழந்தைகள் இருப்பதால் ரசாயன மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். எண்ணெய் மிதந்ததே தவிர பலன் இல்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: எண்ணெய் மேலே மிதந்தால், தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவது வெறும் தண்ணீரைத்தான். அதனால் முதலில் 20 மில்லி வேப்பெண்ணெயில் 5 மில்லி சோப்புக் கரைசலை விட்டு நன்றாகக் கலக்குங்கள். அப்புறம் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கரைசல் வெள்ளையாக மாறினால் சரி. வேம்பின் முக்கியச் சத்தான அசாடிராக்டின் வெயிலிலும் தண்ணீரிலும் சிதைந்துவிடும். எனவே அன்றன்றைக்குக் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு கொட்டில் சுவர், தூண், கூரைக் கட்டைகளில் தெளியுங்கள். தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் படக்கூடாது. பால் வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால் கறந்து முடித்த பிறகே தெளிப்பது நல்லது.

மாட்டின் மேல் பூசுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலை உதறி உதறித் தரையை மிதிக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது கொட்டிலில் இருக்கும் கடி ஈ. அது காலைத்தான் குறிவைக்கும். முதுகெல்லாம் எண்ணெய் தடவிக் காலை விட்டுவிட்டால் பயனில்லை. 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 5 மில்லி வேப்பெண்ணெய் சேர்த்து, முதலில் சின்ன இடத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். தோல் சிவக்காவிட்டால் கால்களில் பூசலாம். கண், மூக்கு, மடி, புண் பக்கம் போக வேண்டாம்.

இதெல்லாம் பூச்சியை விரட்டும், அவ்வளவுதான். பிறக்கும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் எதைத் தெளித்தாலும் வீண் உழைப்பு என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். கடி ஈ முட்டையிடுவது சாணமும் கோமியமும் கலந்து ஊறிய வைக்கோலில். தீவனத் தொட்டியைச் சுற்றிச் சிந்திக் கிடப்பதை மறக்காமல் வாரி அள்ளுங்கள். வீட்டு ஈ வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே சாணத்தைத் தினமும் அள்ளி, குப்பைக்குழியை மூடி வையுங்கள். கோமியம் ஓடும் சாக்கடை தேங்கினால் கொசுவும் அங்கேயே பெருகும்.

வீட்டுக்குள் கொசுவலையும் மின்விசிறியும்தான் முதல் துணை. கொசு பலமாகப் பறக்கக்கூடியதல்ல, காற்று அடித்தால் ஒதுங்கிவிடும். எலுமிச்சைப்புல் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் அதன் வாசனையை இரவு முழுக்க நம்ப முடியாது. பூனை வளர்த்தால் இத்தகைய வாசனை எண்ணெய்களைத் தவிர்த்துவிடுங்கள், அதன் உடம்புக்கு ஆகாது. சின்னக் குழந்தைகளின் தோலில் எதையும் பூச வேண்டாம். மூடிய அறையில் வேப்பிலைப் புகை போடுவதும் நுரையீரலுக்குக் கெடுதல். வைக்கோல் இருக்கும் இடத்தில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

இயற்கை என்ற பெயரில் புகையிலைச் சாறு தெளிக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், அதிலுள்ள நிக்கோடின் கடும் விஷம். மண்ணெண்ணெயையும் மாட்டின் மேல் தடவக்கூடாது.

உண்ணி இருந்தால் சுவர் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். அது அங்கேயும் முட்டையிடும். உண்ணி பிடித்த மாடு காய்ச்சலோடு தீவனம் தின்னாமல் நின்றாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ எண்ணெய் வைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.