சித்தப்பா வீட்டுக்கு வர்றார்

வணக்கம் சார்,

எங்க சித்தப்பா கொலைக் கேஸ்ல வேலூர் ஜெயில்ல இருக்கார், ஆயுள் தண்டனை. 14 வருஷம் முடிஞ்சிருச்சு, சீக்கிரம் விட்ருவாங்கன்னு சொல்றாங்க. உள்ள ஷூ தைக்கிற வேலை பாக்குறார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம், அதனால வெளியூர்ல ரூம் எடுத்து தங்க வைக்கலாம்னு அப்பா சொல்றார். எனக்கு மனசு கேக்கல.

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

தயவுசெஞ்சு அவரை தனியா விட்றாதீங்க. அப்பாவோட பயம் புரியுது, ஆனா மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்ல யாராவது எப்படியும் சொல்லத்தான் போறாங்க, அதை நீங்களே முதல்ல சொல்லிடுங்க.

எங்க தெருவுல ஒருத்தர் இப்படி வந்தார். சாயங்காலம் அஞ்சு மணிக்கே தட்டோட உக்காந்துடுவார், ஏன்னா உள்ள ஆறு மணிக்கு லாக்கப், ராத்திரி சாப்பாட்டை அதுக்கு முன்னாடியே குடுத்துடுவாங்க. அவங்க அக்கா ஒண்ணும் கேக்காம அஞ்சு மணிக்கே சோறு வடிச்சு போட்டாங்க, அப்புறம் அஞ்சரை, ஆறுன்னு மெதுவா தள்ளி ஒரு மாசத்துல எல்லாரோடயும் எட்டு மணிக்கு உக்கார வச்சுட்டாங்க. வெளியூர் ரூம்ல இதை யார் செய்வா?

இத்தனை வருஷம் போகலைன்னாலும் பரவால்ல, இப்பவே மனு பாக்க போங்க, அதாவது ஜெயிலுக்கு போய் அவரை நேர்ல பாத்துட்டு வாங்க. விடுதலை தள்ளிப்போச்சுன்னா லீவு கேக்க சொல்லுங்க, பரோல்னு நாம சொல்றது அதுதான், தமிழ்நாட்டோட 1982 தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்ல வழி இருக்கு. நன்னடத்தை அலுவலர் (ப்ரொபேஷன் ஆபீசர்) வீட்டுக்கு விசாரிக்க வந்தா "எங்க வீட்லதான் இருப்பார்"னு தெளிவா சொல்லுங்க. அந்த அலுவலரோட நம்பரையும் வாங்கி வச்சுக்கோங்க.

வேலை செஞ்ச கூலி அவர் கணக்குல இருக்கும். கைதிங்களுக்கு நியாயமான கூலி குடுக்கணும்னு 1998ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, அதுல ஒரு பங்கை பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒதுக்கணும்னும் அதே தீர்ப்புதான் சொல்லுச்சு. எனக்கு அது ரொம்ப சரின்னு படுது, இறந்தவர் வீட்லயும் இப்படி ஒரு பொண்ணு மாப்பிள்ளைக்கு காத்திருந்திருக்கும். அவங்க இருக்கிற பக்கம் சித்தப்பா போகாம பாத்துக்கோங்க.

கைத்தொழில் இருக்கறது பெரிய பலம். ஆம்பூர், வாணியம்பாடி உங்களுக்கு பக்கம்தானே, பெரிய ஷூ கம்பெனிங்க போலீஸ் சர்ட்டிபிகேட் கேக்கலாம், அதனால முதல்ல அவங்ககிட்ட ஜாப் வொர்க் எடுத்து செய்யுற சின்ன பட்டறைகள்ல தெரிஞ்சவங்க மூலமா விசாரிங்க, கேஸை மட்டும் மறைக்காதீங்க, நாளைக்கு தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க.

விடுதலை அன்னிக்கு கேட்டுக்கு அப்பாவே போகட்டும். புதுசா ஒரு சட்டை எடுத்துட்டு போகச் சொல்லுங்க, 14 வருஷத்துக்கு முன்னாடி போட்டுட்டு போன சட்டை அளவு இப்ப சரியா இருக்காது.