கேபின் டிராக்டரா, சாதா டிராக்டரா? கேட்டதும் சொன்னதும்

புரட்டாசி உழவுக்கு முன்னால் வண்டி எடுக்க நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று எழுதியிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ராமநாதபுரம் மாவட்டம், தேவிபட்டினம் சாலையில் 26 வருடமாக டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் ஏசி கேபின் (டிரைவரைச் சுற்றிக் கண்ணாடி அறை) வைத்த வண்டி ஒன்று, திறந்த சாதா வண்டி ஒன்று. இரண்டையும் நானே ஓட்டுகிறேன். கேட்டவர் ஊர் முன்னால், அடியில் என் பதில். எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான்.

திருவாடானை: அண்ணே, சொந்த நிலம் 12 ஏக்கர். 50 எச்பி எடுக்கப் போறேன். கேபின் வேணுமா வேண்டாமா?

முதலில் மணிக்கணக்கு போடுங்கள், தம்பி. ஒன்பது கொத்துக் கலப்பையில் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோடை உழவு ரெண்டு சால், விதைப்புக்கு முன்னால் ரெண்டு சால், ஒரு தரம் ரோட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) என்று வைத்தாலும் 12 ஏக்கருக்கு வருடத்தில் 60 மணி நேரம் தாண்டாது. நம் பக்கம் மானாவாரி, ஒரே போகம். 60 மணி நேரம் உட்காரப் பல லட்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண். சாதா வண்டி எடுத்து, மிச்சக் காசில் நல்ல ரோட்டவேட்டர் வாங்குங்கள்.

வாடகைக்கும் ஓட்டுவேன் என்றால் கணக்கே வேறு. ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்னால் புழுதி விதைப்பு. ஊரே ஒரே நேரத்தில் உழவு கேட்கும். 35 நாள், தினம் 12 மணி நேரம் என்றால் 420 மணி நேரம். அந்தப் புழுதி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று பின்னாலிருந்து அடித்தால் ரோட்டவேட்டர் கிளப்புகிற மண் முழுதும் டிரைவர் மூக்குக்குள்தான். சாயங்காலம் துண்டில் சிந்தினால் கறுப்பாக வரும். இந்த வேலைக்குக் கேபின் சொகுசு இல்லை.

ஏசி ஓடும்போது இஞ்சினிலிருந்து 3 முதல் 5 எச்பி போகும். 50 எச்பி வண்டியில் ஆறடி ரோட்டவேட்டர் போட்டால் அது தெரியும். கேபின் எடையும் சில நூறு கிலோ. அதனால் கேபின் எடுப்பவர் 55க்கு மேல் பாருங்கள். ஏசி இல்லாத வெறும் கண்ணாடிக் கேபினை யாராவது மலிவாகத் தந்தால் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் அது இட்லிப் பானை.

எந்த வண்டி எடுத்தாலும் மட்கார்டில் ஆள் ஏற்றாதீர்கள்.

உச்சிப்புளி: தென்னந்தோப்புக்குள்ள ஓட்டணும்.

சாதா வண்டி, உயரம் குறைந்தது. தாழ்ந்த மட்டையில் கேபினின் கண்ணாடியும் விளக்கும் மாதத்துக்கு ஒன்று போகும். பின்னால் மடக்கும் வசதியுள்ள ரோல் பார் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி கவிழ்ந்தால் நசுங்காமல் காப்பது அதுதான். தோப்புக்குள் மடக்கலாம், வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் போடணும், மடங்கியிருந்தால் போடக்கூடாது. கம்பியும் இல்லாமல் பெல்ட்டும் போட்டிருந்தால் கவிழும்போது குதித்துத் தப்பக்கூட முடியாது.

கமுதி: மானியம் எவ்வளவு கிடைக்கும்?

வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

மண்டபம் பக்கம்: வீடு கடலுக்கு அரை கிலோமீட்டர்தான். உப்புக்காத்துல கேபின் தாங்குமா?

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

போன மாசிக்குப் பட்டறைக்கு ஒரு கேபின் வண்டி வந்தது. மூணு வருடம்தான் ஓடியது. ஏசி குளிரவில்லை என்று புகார். முன்பக்கத் தட்டியைக் கழற்றினேன். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டன்சர் இருக்கும், மெல்லிய அலுமினியத் தகடு வரிசை. விரலால் தொட்டேன், சுட்ட அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கதவுக் கீல் அடியில் ஆணியை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கியது. கேபின் தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் ஈரம், வெள்ளைப் பூப்பு, துரு.

அவர் வண்டியைக் கவனிக்காதவர் இல்லை. வாரம் தவறாமல் கழுவுகிறவர். எதில் கழுவினார்? வீட்டு போர்வெல் தண்ணீரில்! அந்தப் பக்கத்து போர்த் தண்ணீரை வாயில் வைத்தால் துப்பிவிடுவோம். காற்று கொண்டுவந்த உப்பு போதாதென்று அவரும் வாரா வாரம் உப்பு பூசியிருக்கிறார். கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் அதில் கழுவுங்கள். ஓட்டில் விழுகிற மழைத் தண்ணீரைப் பிடித்துக் கடைசி அலசலுக்காவது வையுங்கள். கிடைக்காவிட்டால் காற்றடித்துத் துடைத்தால் போதும். போர்த் தண்ணீருக்கு அதுவே மேல். காற்றடிக்கும்போது இஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசி தகட்டுக்குள் இன்னும் இறுகும்.

சாதா வண்டியும் துருப்பிடிக்கும்தான். ஆனால் மட்கார்டு துரு கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். கேபின் துரு விரிப்புக்கடியில் ஒளிந்திருக்கும். கடலோரத்தில் கேபின் வைப்பவர் மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிக் காயவையுங்கள். ஒயர் இணைப்புகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். இதெல்லாம் ஆகாது என்றால் கேபின் எடுக்காதீர்கள்.

முதுகுளத்தூர்: கம்பெனி கேபின் விலை ஜாஸ்தி. லோக்கல் பட்டறையில கூரையோட கேபின் அடிச்சுத் தர்றாங்க. போடலாமா?

வெயிலுக்குக் கூரை போடலாம். உயிருக்குக் காவல் என்று நம்பக்கூடாது. சதுரக் குழாயும் தகடும் வைத்துப் பற்றவைத்தது, நாலு போல்ட்டில் நிற்பது. வண்டி கவிழ்ந்தால் கூரை முதலில் மடங்கும், அப்புறம் டிரைவர் தலை. ஒரு வண்டியில் அச்சு உறையிலேயே துளைபோட்டு மாட்டியிருந்தார்கள், அங்கேயே விரிசல். என் தொழில்காரர்களைத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தக் கூரையைப் பிடித்துக்கொண்டு மட்கார்டில் ரெண்டு பேர் உட்காருவார்கள், அது வேறு.

சாயல்குடி: 50 எச்பி. கேபினா சாதாவா?

முதல் பதில்.

பரமக்குடி: தம்பி, நான் 40 வருஷமா டிராக்டர் ஓட்டுறேன். வண்டியக் காதால ஓட்டணும். ரோட்டவேட்டர்ல கல்லு பட்டா, பேரிங் போனா, கிளட்ச் கருகினா வெளியில உக்காந்தாத்தான் தெரியும். கண்ணாடிக்குள்ள உக்காந்தவன் டிரைவரா, பஸ் பயணியா?

ஐயா சொல்வதில் பாதி சரி. ரோட்டவேட்டர் கத்தி ஒன்று கழன்றதைக் கேபினுக்குள் இருந்து கவனிக்காமல் நானே அரை ஏக்கர் ஓட்டியிருக்கிறேன். அப்புறம்தான் பழக்கினேன்: வயலில் முதல் ரெண்டு சுற்று பின் கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டுவேன், இஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் மேல் ஒரு கண். முள் காரணமில்லாமல் இறங்கினால் இறங்கிப் போய்ப் பார்ப்பேன்.

ஆர்.எஸ்.மங்கலம், மேலே உள்ளதுக்கு: பெரியவரே, நான் கூலிக்கு ஓட்டுறவன். முதலாளி வேப்பமர நிழல்ல நின்னு "காதால ஓட்டுடா"ன்னு சொல்றாரு. புழுதி தின்கிறது நான்.

பரமக்குடி: நாங்க திங்காத புழுதியா? குடைகூட இல்லாம ஓட்டினோம். இப்ப உள்ள பிள்ளைகளுக்கு உடம்பு வளையல.

இன்னொருவர்: பெருசு சொல்றதுதான் சரி. ஏசி போட்டா டிரைவர் தூங்கிருவான்.

ஆர்.எஸ்.மங்கலம்: அப்ப கார்ல ஏசி எதுக்கு வச்சிருக்கீங்க?

இந்தச் சண்டையில் இன்னும் பதினோரு பதிவு. எல்லாவற்றையும் போட இடமில்லை. என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஐயா, காதால் ஓட்டணும் என்றால் காது இருக்கணும். சாதா வண்டியில் பாரம் இழுக்கும்போது டிரைவர் காதருகே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கேட்கலாம் என்பது பொதுக் கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2. நாம் 12 மணி நேரம் உட்காருகிறோம்.

எனக்கு இடது காது மந்தம். உழும்போது கலப்பையைப் பார்க்க எப்போதும் வலது தோள் பக்கம் திரும்பியே உட்காருவேன். அப்போது இடது காது நேராக இஞ்சினையும் சைலன்சரையும் பார்க்கும். டிராக்டர்காரர்களிடம் இது எங்கும் காணப்படுவதுதான் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி இடதுபக்கம் நின்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. வேண்டுமென்றே செய்கிறேன் என்று ரெண்டு வருடம் திட்டு வாங்கினேன்.

டிரைவர் தம்பிக்கு: முதலாளி கேபின் எடுக்கும் வரை சும்மா இருக்காதீர்கள். காதுக்கு அடைப்பான், மூக்குக்கு என்95 முகக்கவசம். ரெண்டும் ஒருநாள் டீச் செலவுதான். துண்டு கட்டினால் நுண்ணிய புழுதி நிற்காது. அதோடு துண்டு நுனி பிடிஓ தண்டில் (ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டு) சிக்கினால் நிமிடத்துக்கு 540 சுற்று, கத்தக்கூட நேரம் இருக்காது. முதலாளிகளுக்கு: வாங்கும்போது நீங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு "போதும்" என்கிறீர்கள். ஓட்டுகிறவனை ஷோரூமுக்குக் கூட்டிப்போனவர் யார் இங்கே?

கடலாடி: மிளகாய்க்கு மருந்தடிக்கக் கேபின் பாதுகாப்புதானே?

இல்லை. சாதாரணக் கேபின் ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். மருந்து ஆவிக்குக் கரி ஃபில்டர் தனியாக வேண்டும், கதவும் சரியாக மூட வேண்டும். மருந்துபட்ட செருப்போடு உள்ளே ஏறினால் கேபின் முழுக்க மருந்து, அதுவும் மூடிய அறையில். முண்டு மிளகாய் நட்ட பிறகு வயலுக்குள் டிராக்டர் எப்படி விடுவீர்கள் என்று எனக்குப் புரியவில்லை, அது உங்கள் பாடு.

தொண்டி: 45 எச்பி, 10 ஏக்கர். கேபின் போடலாமா?

ஐயா, முதல் பதிலில் 12க்குப் பதில் 10 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரை: கரையில வள்ளம் இழுக்கிறதுக்கு வண்டி வேணும்.

பழைய சாதா வண்டி. புதிது வாங்கவே வேண்டாம். கடல் தண்ணீரில் சக்கரத்தின் நடுவரை இறக்குவீர்கள், எப்படியும் அரிக்கும். பிரேக், எண்ணெய்க்குள் மூழ்கி இயங்கும் வகையாக இருக்கட்டும். அன்றன்று கிரீஸ் அடித்துப் பழையதை வெளியே தள்ளுங்கள். ஸ்டார்ட்டர், டைனமோ வரை தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வள்ளத்தைக் கீழ்க் கொக்கியில் மாட்டுங்கள், மேல் லிங்கில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னால் கவிழும்.

ஆறு பேர்: எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உதிரிபாகமும் ஏசி தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிற கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன்.

பெயர் போடாதவர்: மதியம் ஏசி போட்டுக் கேபின்ல தூங்கலாமா?

ஷெட்டுக்குள் இஞ்சின் ஓடவிட்டுத் தூங்கக்கூடாது, புகை உள்ளே சேர்ந்தால் எழவே மாட்டீர்கள். வெளியே நிறுத்தினாலும் வேண்டாம். வேப்பமரம்தான் இருக்கிறதே, முதலாளியைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கள்.

பரமக்குடி: சரி தம்பி. கேபின் விஷயத்துல நான் மாறல. அந்தக் காது பரிசோதனை எங்க பண்றது?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காது மூக்கு தொண்டைப் பிரிவு. காலையிலேயே போங்கள். முந்தின நாள் வண்டி ஓட்டாதீர்கள், சத்தத்தில் இருந்துவிட்டு நேராகப் போனால் காது உள்ளதைவிட மந்தமாகக் காட்டும். துணைக்குப் பேரனைக் கூட்டிப்போங்கள். பஸ்ஸில் போங்கள் ஐயா, மட்கார்டில் உட்காரவைத்துக்கொண்டு வராதீர்கள்.