மழை அறிவிப்பும் ஜவ்வரிசிக் களமும்

கேள்வி: ஆத்தூரில் சேகோ ஆலை நடத்துகிறோம். செப்டம்பரில் சேலம் மாவட்டத்துக்கு மழை என்று அறிவிப்பு வந்தால் களத்தில் ஜவ்வரிசியைக் காயப்போடுவதில்லை. ஆனால் அன்று வெயில்தான் அடிக்கிறது. துணிந்து காயப்போட்ட நாளில் நனைந்துவிடுகிறது. எதை நம்புவது?

பதில்: வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் 'ஓரிரு இடங்களில்' என்று இருந்தால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதத்துக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகலாம் என்று பொருள். எனவே அறிவிப்பு அப்படியே பலித்த நாளிலும் முக்கால் பங்கு இடங்கள் காய்ந்தே கிடக்கும். 50 சதவீதத்தைத் தாண்டும் 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்ற அறிவிப்புகள் வரும் நாட்களில் மட்டும் உலர்த்தலை நிறுத்தினால் போதும் என்பது என் கருத்து.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழையை இறக்கிவிட்டு வருவதால், நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி வெப்பச்சலன மழையே. காலை வெயிலில் சேர்வராயன், கல்வராயன் மலைச் சரிவுகள் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகிறது. தனி மேகம் ஒன்று சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பெய்து கலைந்துவிடும். அதிலிருந்து கீழிறங்கும் குளிர்காற்று பரவிச் சென்று, அருகிலுள்ள சூடான காற்றை உந்தி இன்னொரு மேகத்தை எழுப்புவதால், அடுத்த மழை எந்த ஊரில் என்பதைக் காலையிலேயே கணிக்க இயலாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலமாகக் கொள்ளப்படும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் இதே நிலைதான்.

ஆகவே காலை அறிவிப்பை வைத்து நாள் முழுவதையும் தீர்மானிக்காமல், விடிந்ததும் காயப்போட்டு, நண்பகலுக்குப் பின் மேற்கு வானத்தைக் கவனியுங்கள். இக்காலத்தில் மேகங்களைத் தள்ளிவரும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், உங்களுக்கு மேற்கே உள்ள வாழப்பாடியிலோ பெத்தநாயக்கன்பாளையத்திலோ களம் வைத்திருப்பவருடன் தொலைபேசித் தொடர்பு வைத்துக்கொள்வது மிகவும் உதவும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பையும், சுற்றிலும் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் விழும் மின்னலைக் காட்டும் 'தாமினி' செயலியையும் பாருங்கள். திடீரெனக் குளிர்காற்று வீசினால் மழைக்குச் சில நிமிடங்களே இருக்கலாம் என்பதால், தார்ப்பாய்களைக் களத்தின் ஓரத்திலேயே வைத்திருங்கள். மின்னல் நெருங்கிவிட்டால், சரக்கு நனைந்தாலும் ஆட்களைத் திறந்த களத்தில் நிறுத்தவே கூடாது.

அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காற்று திசை மாறி, மழை இரவிலும் காலையிலும்கூட வரும். அப்போது மேற்கைப் பார்க்கும் இந்த வழி பயன்படாது; வங்கக்கடலின் தாழ்வுநிலை பற்றிய அறிவிப்புகளையே பின்பற்றுங்கள்.