பழைய ரைசனுக்கு எந்த போர்டு?

கேள்வி: அண்ணே வணக்கம். என் மச்சான் புது பிசி கட்டிட்டு அவனோட பழைய ரைசன் 5 2600 சிபியுவ கூலரோட எனக்கு குடுத்துட்டான். டிடிஆர்4 ரேம் 8 ஜிபி ரெண்டு இருக்கு, பவர் சப்ளை இருக்கு, மதர்போர்டு மட்டும்தான் இல்ல. 300 வெள்ளிக்குள்ள முடிக்கணும், ஆனா பின்னாடி சிபியு மாத்தினாலும் அதே போர்டு ஓடணும். கடையில கேட்டா பி550 போர்டுதான் புதுசு, அதையே எடுங்கன்றாங்க. எடுக்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: எடுக்காதீங்க தம்பி. பி550 நல்ல போர்டுதான், ஆனா உங்க கையில இருக்க சிபியுவுக்கு அது சரிப்படாது. ரெண்டுமே ஏஎம்4 சாக்கெட்ங்கறதால சிபியு அழகா உள்ள போய் உக்காரும், லாக் ஆகும், ஃபேன் கூட சுத்தும், ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணும் வராது. ஏன்னா 2020ல வந்த பி550, ஏ520 போர்டு ரெண்டுக்கும் ரைசன் செய்யற ஏஎம்டி கம்பெனி 3000 வரிசையில இருந்துதான் சப்போர்ட் குடுத்தாங்க, உங்க 2600 அதுக்கு முன்ன 2018ல வந்தது. கடைக்காரர் பொய் சொல்லல, புதுசு கேட்டீங்க புதுசு காட்டிட்டாரு, அவ்ளோதான். என்ன சிபியு வச்சிருக்கோம்னு முதல்லயே சொல்லிடணும்.

உங்களுக்கு வேண்டியது பி450. அதுவும் 2018ல வந்ததுதான், அதனால பயாஸ், அதாவது போர்டுலயே இருக்க, பிசிய ஸ்டார்ட் பண்ற சாஃப்ட்வேர், எவ்ளோ பழசா இருந்தாலும் 2600 போட்டா ஆன் ஆயிடும். பயாஸ் அப்டேட் பண்ணிட்டா அதே போர்டுல ரைசன் 5600, 5700எக்ஸ் வரைக்கும் தாராளமா போகலாம், ரேம் கூட மாத்த வேணாம். இதுல ஒரு விஷயம் நிறைய பேர் யோசிக்கறதில்ல. பழைய பயாஸ் இருக்க போர்டுல நேரா 5600-அ போட்டா ஆன் ஆகாது, ஆன் ஆகாம எப்படி அப்டேட் பண்றது, சிபியு கடன் கேட்டு அலையணும். உங்களுக்கு அந்த தொல்லையே இல்ல, மச்சான் குடுத்த 2600-அ வச்சே அப்டேட் பண்ணிட்டு அப்புறம் மாத்திக்கலாம். அதனால நாளைக்கு புதுசு வாங்கினாலும் 2600-அ உடனே வித்துடாதீங்க, புது சிபியு ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டு விக்கலாம்.

பி450லயும் எல்லாம் ஒண்ணில்ல லா. எம்.எஸ்.ஐ போர்டுல பேருக்கு பின்னாடி 'மேக்ஸ்'னு இருந்தா பயாஸ் சிப் 32 எம்பி, மேக்ஸ் இல்லாத பழசு 16 எம்பி. இடம் பத்தாம போனா கம்பெனிங்க பழைய சிபியு சப்போர்ட்ட தூக்கிட்டு புதுச போடுவாங்க, அந்த தலைவலி 32ல கம்மி. மோர்ட்டார் மேக்ஸ், டோமஹாக் மேக்ஸ் ரெண்டுலயும் பின்னாடி ஒரு பயாஸ் பட்டன் இருக்கு, சிபியுவே இல்லாம பென் டிரைவ்ல ஃபைல போட்டு அமுக்கினா போதும். பென் டிரைவ் ஃபேட்32ல இருக்கணும், ஃபைல் பேரு எம்எஸ்ஐ டாட் ரோம்னு மாத்தணும், இத விட்டுட்டு பட்டன் கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்க நிறைய.

இன்னும் மலிவா ஏ320 போர்டு கிடைக்கும். 2022ல ஏஎம்டி அதுக்கும் ரைசன் 5000 வரிசைய திறந்து விட்டாங்க, ஆனா போர்டு கம்பெனி அந்த பயாஸ குடுத்திருக்கணும், பெரும்பாலும் ரேம் ஸ்லாட் ரெண்டுதான், உங்க ரெண்டு ரேமும் போட்டா ஃபுல். அப்கிரேட் பண்ணணும்னு நீங்களே சொல்றதால நான் அது பக்கம் போக மாட்டேன், நாலு ஸ்லாட் இருக்க பி450 பாருங்க. 5600, 5700எக்ஸ் ரெண்டும் 65 வாட்தான், சுமாரான போர்டே தாங்கும். 5800எக்ஸ்3டி மாதிரி 105 வாட் ஆசை இருந்தா சிபியுவுக்கு கரண்ட் குடுக்கற விஆர்எம் மேல சூட்ட இழுக்கற ஹீட்சிங்க் இருக்கான்னு பாத்து வாங்குங்க, மொட்டையா இருந்தா வேணாம்.

செகண்ட் ஹேண்ட்தான் உங்க பட்ஜெட்டுக்கு சரி. கரோசல்லயோ மார்க்கெட்பிளேஸ்லயோ பாத்துட்டு லோ யாட் பக்கம் நேர்ல மீட் பண்ணுங்க, தபால்ல வேணாம். ஆன் பண்ணி காட்ட சொல்லுங்க, ரேம் ஸ்லாட் நாலுலயும் மாத்தி மாத்தி போட்டு பாருங்க, பின்பக்கம் போர்ட்டுங்க சுத்தி வர்ற தகரத் தட்டு கூட இருக்கான்னு கேளுங்க, கழட்டறப்ப பாதி பேர் அத பழைய கேஸ்லயே விட்டுடறாங்க, தனியா தேடினா அதே மாடலுக்கு கிடைக்காது. உங்க சிபியுவையும் திருப்பி பாருங்க, ஏஎம்4ல பின் எல்லாம் சிபியு அடியிலதான் இருக்கு, ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் அமுக்கி உள்ள தள்ளாதீங்க. அடுத்த தடவ கூலர் கழட்டறப்ப கொஞ்ச நேரம் பிசிய ஓட விட்டு, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவுல இருக்க பேஸ்ட் இளகின பிறகு ஆஃப் பண்ணி, லேசா திருகி எடுங்க, நேரா இழுத்தா சாக்கெட் லாக்ல இருக்கப்பவே சிபியு கூலரோட ஒட்டிக்கிட்டு வந்துடும்.

முக்கியமா ஒண்ணு, 2600ல கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டு பின்னாடி எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதுல வயர் சொருகினா படம் வராது, உடனே போர்டு செத்துப்போச்சுன்னு வித்தவர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க. சின்னதா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேணும், நீங்க லிஸ்ட்ல சொல்லல, அதுக்கும் காசு ஒதுக்குங்க. விண்டோஸ் 11 கவலை வேணாம், 2600 மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருக்கு, பயாஸ்ல டிபிஎம்ங்கற பாதுகாப்பு வசதிய ஆன் பண்ணா போதும். அதுக்கு முந்தின ரைசன் 1600-ஆ இருந்திருந்தா லிஸ்ட்ல இல்ல.

கேள்வி: வீட்டுக்காரர் ஆபீஸ்ல கழிச்ச கம்ப்யூட்டர்ல இருந்து இன்டெல் ஐ5 4590 சிபியு கிடைச்சுது, போர்டு கெட்டுப்போச்சு. பிள்ளைக்கு ஸ்கூல் வேலைக்கு வேணும். அப்கிரேட் பண்ற மாதிரி போர்டு சொல்லுங்க.
– வாசகி, பிறை

பதில்: இதுக்கு அப்கிரேட் வழியே இல்ல சகோதரி. சாக்கெட் 1150, ரேம் டிடிஆர்3, மேல போனா ஐ7 4790, அதுக்கு மேல அந்த போர்டுல ஒண்ணும் பெருசா ஏறாது. சிபியு மேல 'மலாய்'னு எழுதியிருந்தா நம்ம மலேசியாவுலயே அசெம்பிள் ஆனது, இன்டெல் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல 1972லயே ஃபேக்டரி போட்டவங்க, ஆனா அந்த பாசத்துக்காக காசு போட முடியாதே. இதுக்கு பொருந்தற பழைய எச்81 போர்டு ரொம்ப மலிவா கிடைச்சா மட்டும் எடுங்க, மிச்ச காசுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்க, வேகம் அதுலதான் தெரியும். இதுல கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்கு, தனி கார்டு வேணாம். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர்ல முடிஞ்சுது, 11க்கு இந்த சிபியு லிஸ்ட்ல இல்ல, அதனால விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸ் மின்ட் போட்டு குடுங்க, பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் ஸ்கூல் வேலைக்கு போதும். போர்டு விலை 100 வெள்ளிய தாண்டுச்சுன்னா விட்டுட்டு, முழு செட்டா ஒரு பழைய ஆபீஸ் பிசி தேடுங்க, விண்டோஸ் 11 ஓடணும்னா இன்டெல் எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ வேணாம்.