எட்டு நாள் விருந்தாளியாகப் போகட்டும்

கேள்வி: அக்கா, நாங்கள் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்குப் பதினேழு வயது. எங்கள் சபையின் வாலிபர் குழு வரும் ஜூலையில் எட்டு நாள் மிஷன் பயணமாக டொமினிக்கன் குடியரசுக்குப் போகிறது. அங்கே சான் பேத்ரோ தே மக்கோரீஸ் என்ற ஊரைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களில் இருக்கும் ஹைத்தி ஜனங்களுக்குச் சேவை செய்யப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்துக்கு பெயின்ட் அடிப்பது, பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவது, துணிமணி கொடுப்பது என்று திட்டம். மொத்தம் 21 பேர், ஆளுக்கு 2,100 டாலர். மகள் போயே தீருவேன் என்கிறாள். கணவரோ, "ஹைத்தி என்றாலே துப்பாக்கிச் சண்டைதான். அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் அவர்களாவது பிழைத்துக்கொள்வார்களே" என்கிறார். வீட்டில் தினமும் இதே பேச்சு. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பயத்தை எடுத்துக்கொள்கிறேன். அது வீண் பயம் இல்லை. 2021 அக்டோபரில் ஹைத்தியில் ஓர் அனாதை விடுதிக்குப் போய்த் திரும்பிய 17 பேரை, அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு, ஆயுதக் கும்பல் கடத்திக்கொண்டு போனது. கடைசி ஆட்கள் தப்பி வெளியே வர டிசம்பர் ஆகிவிட்டது. 2024 மே மாதம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஓர் இளம் மிஷனரித் தம்பதி கொல்லப்பட்டார்கள். ஆனால் உங்கள் மகள் போவது ஹைத்திக்கு இல்லை. ஒரே தீவில் இரண்டு நாடுகள், மேற்கே ஹைத்தி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. சான் பேத்ரோ தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது, எல்லை வெகு தூரம். பயணத் திட்டத்தில் எங்காவது 'எல்லையைத் தாண்டி ஒரு நாள்' என்று இருந்தால் மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது இல்லாவிட்டால் கணவரின் இந்தக் கவலை பெருமளவு தீர்ந்துவிடும்.

பணத்தைப் பற்றிய இரண்டாவது கவலைதான் பெரியது. அதற்குப் பதில் சொல்ல, அந்தத் தோட்டக் குடியிருப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவற்றை 'பத்தேய்' என்பார்கள். கரும்பு வெட்ட ஹைத்தியிலிருந்து ஆள் கொண்டுவந்து, தோட்டத்துக்கு நடுவே வரிசையாக அறைகள் கட்டி அதில் வைத்தார்கள். நூறு வருடக் கதை இது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமை 1948-இல் போனது போலவே இவர்களுக்கும் ஓர் அடி விழுந்தது. 2013 செப்டம்பரில் அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், ஆவணம் இல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்கள் 1929 முதல் கணக்கிட்டுக் குடிமக்களே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் வந்த சட்டம் சிலருக்கு மட்டும் வழி திறந்தது. பாட்டி காலத்திலிருந்து அங்கேயே இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் கையில் ஒரு காகிதம் இருக்காது. 2024 அக்டோபரில் அரசு, வாரத்துக்கு 10,000 பேர் வரை ஹைத்திக்குத் திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்த பிறகு, குடிவரவு லாரியின் சத்தம் கேட்டாலே கரும்புக்குள் ஓடி ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஜூலை மாதத்தை யோசித்துப் பாருங்கள். கரும்பு வெட்டு டிசம்பர் வாக்கில் தொடங்கி கோடைத் தொடக்கத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதை அங்கே 'செத்த காலம்' என்கிறார்கள். வெட்டு இல்லை, அதனால் கூலியும் இல்லை. அமெரிக்கப் பள்ளி விடுமுறை சரியாக அந்த மாதங்களில் வருகிறது. வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களின் கண்ணெதிரே, வாழ்க்கையில் தூரிகை பிடித்திராத பதினேழு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தக் கூலி அந்த மனிதர்களுக்குப் போயிருக்க வேண்டியது. ஒரே சுவருக்கு ஒவ்வொரு கோடையிலும் ஒரு புதுக் குழு வந்து புது நிறம் பூசுவதும் உண்டு. இதைத் திட்டம் போட்டவர்களிடம் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதுதான் வேலை என்றால் அந்த ஊர்க்காரர் நான்கு பேரைக் கூலிக்கு வைத்து, உங்கள் பிள்ளைகள் அவர்களுக்கு எடுபிடியாக நிற்கட்டும்.

துணிமணி விஷயத்தில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. 2005 ஜனவரியில், சுனாமி வந்து சில நாட்களில், உதவி செய்கிறோம் என்று கிளம்பிய ஒரு குழுவோடு நானும் நாகப்பட்டினம் போனேன். எங்களுக்கு முன்பே லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியிருந்தது. அக்கரைப்பேட்டைக்குப் போகும் வழியில் சாலையோரமாகக் குவிந்து கிடந்தது. யாரோ கட்டிக் கழித்தவை, கிழிந்தவை, அந்த வெயிலில் கம்பளிச் சட்டைகள் வேறு. ஓர் அம்மா அந்தக் குவியலிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்து, கொக்கி இல்லாததைப் பார்த்துவிட்டு, மடித்து அதே இடத்தில் வைத்தார். கீழே எறியவில்லை, மடித்து வைத்தார். எங்கள் குழுவும் மூன்று மூட்டைத் துணி கொண்டுபோயிருந்தது. நான் அதைப் பிரிக்க விடவில்லை. அதற்காகக் குழுவில் சிலர் என்னோடு பேசவில்லை, பரவாயில்லை. வீட்டில் மிச்சமான துணியை மகள் பெட்டியில் வைக்க வேண்டாம். ஹைத்தியிலேயே அமெரிக்காவிலிருந்து வரும் பழந்துணிக்கு 'பேப்பே' என்று ஒரு பெயரே இருக்கிறது. அந்தத் துணி வந்து குவிந்ததில் உள்ளூர்த் தையற்காரர்களின் பிழைப்புத்தான் அடிபட்டது.

அரிசிக்கும் அதே கதிதான். 1995-இல் அமெரிக்கா அழுத்தம் கொடுத்து ஹைத்தியின் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைக்கவைத்தது, மலிவான அமெரிக்க அரிசி வந்து நிறைந்தது, உள்ளூர் நெல் விவசாயியால் எழவே முடியவில்லை. அந்தக் கொள்கைக்காக, அன்று அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனே 2010-இல் செனட் குழுவின் முன் வருத்தம் தெரிவித்தார். நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நினைத்து ஹைத்தி மக்களுக்குச் செய்யப்பட்ட கெடுதல்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

சரி, அப்படியானால் போக வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. போகட்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் நீங்களும் கணவருமாகப் போதகரைப் போய்ப் பாருங்கள். எங்களை அங்கே கூப்பிட்டது யார், அந்தப் பத்தேயில் இருக்கும் சபையின் போதகர் எதைக் கேட்டார் என்று விசாரியுங்கள். அவர் பெயர், அவர் சபையின் கதை இவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்ல அறிகுறி. ஒன்பதாம் நாள் அங்கே என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். வருடா வருடம் அதே ஊருக்கு, அதே ஆட்களிடம் போகிற குழு என்றால் எனக்கு நம்பிக்கை வரும். போன வருடம் வேறு நாடு, அடுத்த வருடம் இன்னொரு நாடு என்றால் வராது.

திட்டத்தில் அனாதை விடுதிக்குப் போவது இருந்தால் அந்த நாளில் மகள் போக வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பேன். ஹைத்தியில் விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். சோறு போட முடியாமல் விட்டவர்கள் அவர்கள். பார்க்க ஆள் வரும், காணிக்கை வரும் என்றால் விடுதியும் நிறையும். 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்கச் சபையைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்துக் கைதானார்கள். அனாதைகள் என்று அவர்கள் சொன்ன அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

பணத்தைப் பற்றி உங்கள் கணவர் கேட்பது சரியான கேள்வி. 21 பேருக்கு 44,100 டாலர். அந்தப் பத்தேய் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் பயணம் ரத்தானால் அந்தப் பணம் உண்மையில் அங்கே போகுமா? டிக்கெட்டுக்காகச் சேர்ந்த பணம் டிக்கெட் இல்லை என்றால் அவரவர் பையிலேயே தங்கிவிடும், இது மனித சுபாவம். அதனால் அவரையே ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். பயணச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை, கிட்டத்தட்ட 9,000 டாலரை, மூன்று வருடத்துக்கு வருடா வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துச் சம்பளத்துக்கு அனுப்புவதாகச் சபை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர் பேசட்டும். கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர் ஒருவர் அந்தக் குழுவுக்குத் தேவைப்படுகிறார்.

மகளிடம் சொல்ல வேண்டியவை வேறு. அங்கே போய் அவள் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம். ஆவணம் இல்லாத ஒருவரின் முகமும் அவர் இருக்கும் இடத்தின் பெயரும் சேர்ந்து வெளியே போனால், அதன் விளைவை அனுபவிப்பது அவர்தான். அப்புறம், பாஸ்போர்ட் நகல் எப்போதும் அவள் பையில் இருக்கட்டும். அந்த நாட்டில் கறுத்த தோலைப் பார்த்து நிறுத்திக் கேட்பது நடக்கிறது, நம் பிள்ளைகளும் கறுப்புத்தானே. அதே பிள்ளையைப் பத்தேயில் 'ப்ளான்' என்று கூப்பிடுவார்கள், அவள் திகைக்க வேண்டாம். வெள்ளைக்காரர் என்ற சொல்தான் அது, ஆனால் ஹைத்தி பேச்சில் எந்த நிறத்து வெளிநாட்டவரும் ப்ளான்தான்.

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறும் பயறும் வைத்தால் உட்கார்ந்து சாப்பிடட்டும். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் சீடர்களை அனுப்பும்போது இயேசு பணப்பை, சாமான் பை எதுவும் கொண்டுபோகாதீர்கள் என்றும், உங்கள் முன் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்றும்தான் சொன்னார். கொடுக்கிற இடத்தில் நின்றே பழகிய நமக்கு வாங்கிக்கொள்வது கஷ்டம். அந்தக் கஷ்டம் பதினேழு வயதிலேயே பழகிவிட்டால் நல்லது. (ஹெப்படைடிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசிக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் பாட்டில் தண்ணீர்.)

ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் இருக்கும் பாஸ்டனிலேயே மட்டாபன் என்ற பகுதியில் நிறைய ஹைத்தி குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் சொந்தச் சபைகள் உண்டு, ஆராதனை ஹைத்தி மக்களின் தாய்மொழியான கிரியோலில் நடக்கும். அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் பத்தேய்களில் உறவுக்காரர்கள் இருக்கலாம். வரும் ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். 'போன்ழூ' என்றால் வணக்கம், 'மெஸி' என்றால் நன்றி, தொடங்குவதற்கு இவ்வளவு போதும். உங்கள் வீட்டுக்காரரையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.