நாலு நாளாகியும் ஒட்டுகிற ராடு எபாக்சி: ஹார்ட்னர் பாட்டிலைக் கீழே வையுங்கள்

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். பொழுதுபோக்காகத் தூண்டில் ராடு கட்டுகிறேன். போன வாரம் ஏழடி ராடு ஒன்றில் கைடுகளை (தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள்) நூலால் சுற்றிக் கட்டி, அந்தச் சுற்றின் மேல் ரெசினும் ஹார்ட்னரும் கலந்த எபாக்சி பூசினேன். நாலு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. பெரும்பாலான இடங்களில் விரல் லேசாக ஒட்டுகிறது, நுனிப்பக்கம் இரண்டு கைடில் மட்டும் இன்னும் தேன் மாதிரி கிடக்கிறது. குளிர் என்பதால் ஹார்ட்னர் கொஞ்சம் கூடுதலாகத்தான் விட்டேன். மேலாக ஹார்ட்னரை மட்டும் ஒரு கோட் தடவினால் இறுகுமா, இல்லை எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஹார்ட்னரை மட்டும் தடவாதீர்கள், இருக்கிற பாடு போதாதென்று இன்னொரு பாடு சேரும். எல்லாவற்றையும் பிரிக்கவும் வேண்டியிருக்காது. அநேகமாக அந்த இரண்டு கைடு மட்டும்தான் போகும்.

"கூடுதலாகத்தான் விட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, வில்லங்கம் அந்த "தான்"-இல் இருக்கிறது. ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் பாலியஸ்டர் ரெசினில் சொட்டுச் சொட்டாக ஒரு திரவம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு போகும், அவசரமென்றால் கொஞ்சம் தூக்கலாக விடுவார்கள், சீக்கிரம் இறுகும். அது வெறும் தூண்டுகோல், தூண்டிவிட்டால் வேலை முடிந்தது. எபாக்சி ஹார்ட்னர் அப்படியில்லை. காய்ந்த பிறகு ராடு மேல் நிற்கிற அந்தக் கண்ணாடிப் பூச்சில் ஏறத்தாழ பாதி அதுதான். ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் சோடிக் கணக்கு. சோடி கிடைக்காத ஹார்ட்னர் ஆவியாகியும் போகாது, இறுகவும் இறுகாது, உள்ளேயே எண்ணெய் மாதிரி நின்று மற்றதையும் இளக்கமாக வைத்திருக்கும். ரெசின் அதிகமானாலும் இதே கதைதான்.

ஆனால் உங்கள் ராடில் அளவுத் தப்பு மட்டும் இல்லை. அளவு மட்டும் தப்பியிருந்தால் எல்லாக் கைடும் ஒரே மாதிரி கொழகொழவென்று இருந்திருக்கும். ஒரு பக்கம் லேசான ஒட்டல், இன்னொரு பக்கம் தேன் என்றால் கலக்கியது போதவில்லை. நுனிக் கைடுகளைக் கடைசியில் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கோப்பையின் ஓரத்தை பிரஷால் வழித்து எடுத்து. அந்த ஓரத்தில்தான் கலக்காத ரெசின் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவதாக, குளிர். 10 டிகிரி குறைந்தால் இறுகும் வேகம் ஏறக்குறைய பாதியாகும், அதுவும் குன்னூர் ராத்திரியில் கேட்கவே வேண்டாம். இந்தப் பூச்சுகளுக்கு 21 முதல் 27 டிகிரி சுகமான சூடு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் நைட்ரைல் கையுறை. காயாத ஹார்ட்னர் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு நிரந்தரமாக ஒவ்வாமை வந்துவிடும், அதன்பிறகு எபாக்சி பக்கமே போக முடியாது. நுனியில் தேனாக இருப்பதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். அசிட்டோன் வேண்டாம், பிளாங்க் (ராடின் வெறும் தண்டு) மேலுள்ள பெயிண்டைச் சேர்த்துக் கொண்டுபோகும். துடைத்தபின் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஆனால் நூல் அந்தக் கலக்காத ரெசினைக் குடித்துவிட்டது, அதன் மேல் எதைப் பூசினாலும் அடியில் ஈரம் நிற்கும். எனவே இந்த இரண்டு கைடையும் பிரித்துவிடுங்கள். புது பிளேடை கைடின் உலோகப் பாதத்துக்கு நேர் மேலே, படுக்கை வசமாக வைத்து நூலைச் சீவுங்கள். கத்தி உலோகத்தின் மேல்தான் ஓட வேண்டும். பிளாங்கில் ஒரு கீறல் விழுந்தாலும், ஒருநாள் நல்ல மீன் இழுக்கும்போது ராடு அந்த இடத்தில்தான் முறியும். பாதத்தின் மேல் சீவியதும் மீதி நூல், ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால், நகத்தாலேயே உரிந்து வரும். ஒட்டியிருப்பதை ஐஸ்கிரீம் குச்சியால் தேய்த்து எடுங்கள். ஹீட் கன் வைத்திருந்தாலும் எடுக்காதீர்கள், பிளாங்கே ரெசினால் ஆனதுதான்.

மற்ற கைடுகளுக்கு முதல் மருந்து கதகதப்பு. நீளமான அட்டைப் பெட்டி, ஒரு 60 வாட் குண்டு பல்பு, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். 35 டிகிரி சுற்றி ஒரு முழுப் பகல் வையுங்கள், பல்பு அட்டையில் படாமலும் நீங்கள் பக்கத்தில் இருந்தும். ஆறியபின் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாமல் மேலாக மட்டும் ஒட்டினால் தப்பித்தீர்கள். ஆல்கஹாலில் ஒருமுறை துடைத்து, ஆறவிட்டு, சரியாகக் கலந்த புது கோட் ஒன்று மேலே கொடுத்தால் அடங்கிவிடும். நகத்தின் தடம் அப்படியே நின்றால் அதையும் பிரிக்க வேண்டியதுதான். ஒட்டுகிற பூச்சில் உப்புத்தாள் போடாதீர்கள், தாள் அடைத்துக்கொள்ளும், பூச்சு குப்பையாகும்.

புது கோட் கலக்கும்போதுதான் எல்லாம் இருக்கிறது. பாட்டிலில் இருக்கிற ரெசினை வெளிச்சத்தில் பாருங்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி வெள்ளை மணிகள் தெரிந்தால், மூடியை இறுக்கி வெந்நீரில் வைத்து, தெளிகிற வரை சூடாக்குங்கள். உறையாவிட்டாலும் இரண்டு பாட்டிலையும் பத்து நிமிடம் வெந்நீரில் வைப்பது குளிர்ப் பிரதேசத்துக்கு நல்ல பழக்கம். அளப்பதற்கு ஊசி சிரிஞ்சு, இரண்டு பக்கமும் 3 மி.லி. ராடு பூச்சுகள் பெரும்பாலும் 1:1, அதுவும் கன அளவில். டப்பாவில் வேறு மாதிரி போட்டிருந்தால் அதன்படி. தராசில் சம எடை வைத்தால் தப்பு, ரெசின் கனம் அதிகம் என்பதால் ஹார்ட்னர் கூடிப்போகும். இரண்டு கைடுக்கு எதற்கு 6 மி.லி. என்று கை இழுக்கும். 1 மி.லி. அளக்கும்போது 0.2 தவறினால் 20 சதவீதப் பிழை, 3-இல் அதே தவறு 7 சதவீதத்துக்குள் அடங்கும். மீதி வீணாகட்டும். சிரிஞ்சு ரெண்டிலும் மார்க்கரால் எழுதிவையுங்கள். நான் ஒருமுறை மாற்றிக் குத்தி, பாதி பாட்டில் ரெசினைக் கெடுத்தேன்.

கடிகாரம் பார்த்து 4 நிமிடம், மெதுவாக, கோப்பையின் ஓரம், அடி, கலக்கும் குச்சி எல்லாவற்றையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். அப்புறம் ஒரு அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்புங்கள். குமிழ் தானே உடையும், மெல்லிய படலமாக இருப்பதால் சீக்கிரம் சூடேறி இறுகியும் போகாது. கோப்பையில் ஒட்டியதை வழிக்கவே வழிக்காதீர்கள், தாளில் இருந்து மட்டும் எடுங்கள். பிரஷை ஆல்கஹாலில் கழுவினால் முழுக்கக் காயவிட்டுத்தான் தொட வேண்டும்.

பூசியதும் ராடை நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்று வேகத்தில் மோட்டாரில் சுழல விடுங்கள், தாளில் மிஞ்சியதைத் தொட்டால் இழையாக இழுபடாமல் கெட்டிப்படும் வரை. அறை குளிர்ந்தால் இது விடிய விடியக்கூட ஆகலாம், அதனால் காலையில் பூசத் தொடங்குங்கள். மறுநாள் தொட்டால் ஒட்டாது, ஆனாலும் ஒரு வாரம் போகட்டும், அதற்குள் ராடை உறைக்குள் செருகவோ வளைத்துப் பார்க்கவோ வேண்டாம்.