ரயிலில் வாள் கொண்டுபோவது பற்றி

1066இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரின் மறுநடிப்புக்கு லண்டனிலிருந்து ரயிலில் நேரான மழுங்கிய வாளும் கூரான சீக்ஸ் (பழைய ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கத்தி) ஒன்றும் கொண்டுபோகலாமா, அங்கே பார்வையாளர்களுக்குக் காட்டும் மேசையில் எப்படி வைப்பது என்று கேட்டிருந்தீர்கள் நண்பரே.

கொண்டுபோகலாம். பிரிட்டனின் 1988 குற்றவியல் நீதிச் சட்டம் 139ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் கத்தி வைத்திருக்கத் தக்க காரணம் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் அழைப்புக் கடிதமும் மறுநடிப்புக் குழுவின் உறுப்பினர் அட்டையும் கையோடு இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு நேராகப் போய் நேராக வீடு திரும்புங்கள். வழியில் பப்புக்குள் நுழைந்தால் அந்தக் காரணம் பலவீனமாகிவிடும். இடுப்பில் கட்டிக்கொண்டு ரயில் ஏறவே ஏறாதீர்கள். இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, நீளப் பையில் வைத்து, ஜிப் இரண்டையும் சேர்த்துப் பூட்டுங்கள். தோல் உறையைத் தனியாக வையுங்கள், ஈரம் பிடித்தால் உள்ளேயே துரு ஏறும்.

மழுங்கிய வாள்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். விளிம்பு 2 மி.மீ. தடிமன் இருந்தாலும், மோதிய இடத்தில் பிசிறு எழும்பி ரம்பம் மாதிரி கையைக் கிழிக்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பஞ்சால் தடவிப் பாருங்கள். நார் சிக்கும் இடத்தை அரத்தால் ராவுங்கள்.

மேசையில் முனை உங்கள் பக்கம் பார்க்கட்டும். சீக்ஸை உறையோடு தோல்வாரால் கட்டி, மெல்லிய கம்பி வடத்தால் மேசைக்காலில் பிணையுங்கள். சாப்பிடப் போனால் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும், பக்கத்துக் கூடாரக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதெல்லாம் சரிப்படாது.